சொல்லிச் செய்வித்த கருவி

கடையில் அடுக்கி வைக்கப்பட்ட பொருளை வாங்குவது ஒன்று. தனக்கென ஒரு பொருளைச் சொல்லிச் செய்விப்பது வேறொன்று. முன்னதற்குக் கையில் பணமும் கண்ணில் ஒரு விருப்பமும் இருந்தால் போதும். பின்னதற்கோ தன் தேவையைப் பற்றிய தெளிவு வேண்டும். பிறர் அறிவின்மீது நம்பிக்கை வேண்டும். காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். ஆயத்த ஆடைகள் கடைதோறும் தொங்கத் தொடங்கிய பின்னர், அளவு கொடுத்துச் சட்டை தைப்போர் குறைந்தனர். பொற்கொல்லரிடம் சொல்லித் தாலி செய்விக்கும் வழக்கம் இன்னும் ஓரளவு நிற்கிறது. ஏனைய பொருள்களில் அப்பழக்கம் அருகி வருகிறது. அது அருகும்போது அதனோடு சேர்ந்து எது அருகுகிறது என்பதை அறிய, மிகச் சிறியதோர் இசைக்கருவி துணைசெய்யும். அதுவே யுகுலேலே.

யுகுலேலே கிதாரின் குழந்தை போலத் தோன்றும். நரம்புகள் நான்கே. அளவில் சிறிய வகையின் மொத்த நீளம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். குழந்தையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்து வாசிக்கலாம். முகத்தை நோக்கி மேலே அமைந்த நரம்பு தாழ்ந்து ஒலிக்கும் என்று எதிர்பார்ப்போர் வியப்படைவர். வழக்கமான சுருதி அமைப்பில் அது தன்னை அடுத்த இரண்டு நரம்புகளையும்விட உயர்ந்து ஒலிக்கும். அதனால்தான் யுகுலேலேயின் ஒலியில் ஒரு குதிப்பும் சிரிப்பும் கலந்திருக்கின்றன. ஹவாய் மொழியில் அதன் பெயருக்குத் ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் கூறுவர். அந்நாட்டின் கடைசி அரசியாகிய லிலியுஒகலானி அதனை ஏற்கவில்லை. ‘இங்கு வந்து சேர்ந்த பரிசு’ என்னும் பொருளே அவர் விரும்பியது என்பர்.

வந்து சேர்ந்த பரிசு என்பது வரலாற்றுக்கும் பொருந்தும். 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் போர்த்துகல்லுக்கு உரிய மதெய்ரா தீவிலிருந்து ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 400-க்கும் மேற்பட்டோர் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். மலாயாவின் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த அதே நூற்றாண்டு அது. அக்கப்பலில் வந்தோருள் மனுவேல் நூனஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகுஸ்டோ டியாஸ் என்னும் மரத்தச்சர் மூவர் இருந்தனர். அவர்கள் கரும்புக்காட்டிலேயே முடங்கிவிடவில்லை. சில ஆண்டுகளுள் ஹொனலூலுவில் தச்சுப்பட்டறைகள் அமைத்தனர். மதெய்ராவில் வழங்கிய ‘மசெட்’ என்னும் சிறு நரம்புக் கருவியின் வடிவையும், ‘ரஜாவ்’ என்னும் ஐந்து நரம்புக் கருவியின் சுருதி முறையையும் இணைத்து, ஹவாய்த் தீவின் மரத்தில் புதிய கருவி ஒன்றை உருவாக்கினர். கடல் கடந்து வந்தோரின் நினைவும் வந்த மண்ணின் மரமும் கூடிப் பிறந்தது யுகுலேலே. போர்த்துகீசியர் வழியாகத் தென்கிழக்காசியாவுக்கு வந்த சிறு நரம்புக் கருவிகளின் வழித்தோன்றல்களை ஜாவாவின் கெரொஞ்சோங் இசையிலும் இன்று கேட்கலாம்.

1874 முதல் 1891 வரை ஆண்ட மன்னர் கலாகாவா இக்கருவியைப் பேணினார். அரண்மனை விருந்துகளில் ஹுலா ஆட்டத்தோடு அது ஒலித்தது. 1893-இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது; 1898-இல் நாடு அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. ஆட்சி போயிற்று, கருவி போகவில்லை. 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்கர் யுகுலேலே மீது பேரார்வம் கொண்டனர். அதன்பின் தொழிற்சாலைகள் அதனைக் கணக்கின்றிச் செய்து குவிக்கலாயின. 1949-இல் மாரியோ மக்காபெர்ரி என்பவர் பிளாஸ்டிக்கில் யுகுலேலே வார்த்து மலிவாக விற்றார். அவர் தாமே கிதார் செய்யும் கலையில் தேர்ந்தவர் என்பது கருதத்தக்கது. மலிவான கருவியை இகழ வேண்டுவதில்லை. ஒரு வகுப்பில் 40 மாணவர்க்கு இசை கற்பிக்க வேண்டுமானால் தொழிற்சாலைக் கருவியே கைகொடுக்கும். ஆயினும் அக்கருவி யாருக்கும் உரியது. ஆகவே தனித்த எவருக்கும் உரியதன்று. ஒருவரின் கைக்கென ஒரு கருவி வேண்டுமெனில், அவர் பட்டறைக்குத்தான் செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்லும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஹவாயில் தொடக்கப் பள்ளியில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகளுக்கு யுகுலேலே வாசித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அவர் இடக்கை விரல்களின் மூட்டுகளில் இறுக்கம் கண்டிருக்கிறது. பழைய கருவியில் நரம்பை அழுத்தினால் வலிக்கிறது. விரல் அடுத்த நரம்பில் இடறுகிறது. வாசிப்பதை விட்டுவிடலாமா என்னும் எண்ணம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கடைசியாக ஒரு முயற்சி என்று, சேமித்த பணத்தோடு கருவித் தச்சர் ஒருவரின் பட்டறைப் படியை மிதிக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் முதியவர் தம் உண்மைத் தேவையைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் செய்வதுபோல் ஆசைகளின் பட்டியலையே விரிக்கிறார். மேற்பலகை முழுதும் புலிவரி போன்ற நெளிவு வேண்டும். ஓரமெங்கும் சிப்பி இழைக்க வேண்டும். விரற்பலகைக்குப் பிரேசில் நாட்டு ஈட்டிமரம் வேண்டும் என்கிறார். தச்சர் இடைமறிக்காமல் கேட்கிறார். பின்னர்ச் சுவரில் தொங்கும் கருவி ஒன்றை எடுத்துக் கொடுத்து, “முதலில் ஒரு பாட்டு வாசியுங்கள் ஐயா” என்கிறார்.

முதியவர் வாசிக்கிறார். தச்சர் பாட்டைக் கேட்பதைக் காட்டிலும் விரல்களையே உற்று நோக்குகிறார். மூன்றாம் விரல் மடங்கத் தயங்குவதும், அதனை மறைக்க முதியவர் எளிய சுரக்கட்டுகளையே தேர்ந்துகொள்வதும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. “எவ்வளவு காலமாக இந்த விரல் வலிக்கிறது?” என்று வினவுகிறார். முதியவருக்கு முகம் சிறுத்துப் போகிறது. குறையைச் சொல்லக் கூசியே அவர் அலங்காரத்தைச் சொன்னார். மருத்துவரிடம் நோயை மறைப்பவரும், ஆசிரியரிடம் ஐயத்தை மறைக்கும் மாணவரும் இவ்வகையினரே. எதை மறைக்கிறோமோ அதுவே அளவெடுக்க வேண்டிய இடம் என்பதைச் செய்விப்போர் உணர்வதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது.

அதன்பின் பேச்சு வேறு தளத்துக்கு மாறுகிறது. நரம்பின் அதிர்நீளம் 34 சென்டிமீட்டரை ஒட்டிய சிறு கருவியில் மெட்டுகள் நெருக்கமாய் அமையும். 43 சென்டிமீட்டரை ஒட்டிய பெரிய கருவியில் விரல்களை அகல விரிக்க நேரும். இறுகிய கைக்கு இரண்டும் ஏலா. ஆகவே இடைப்பட்ட 38 சென்டிமீட்டர் முடிவாகிறது. விரல்கள் ஒன்றையொன்று இடறாதிருக்கத் தண்டியின் அகலம் 38 மில்லிமீட்டர் வரை கூட்டப்படுகிறது. தண்டியின் பின்புறம் எவ்வளவு உருண்டிருக்க வேண்டும் என்பதற்கு, வெவ்வேறு வடிவில் செதுக்கிய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக முதியவரின் கையில் கொடுத்துப் பார்க்கிறார் தச்சர். மெட்டுக்கு மேலே நரம்பு நிற்கும் உயரமும் பேசப்படுகிறது. மிக உயர்ந்தால் அழுத்துவது கடினம். மிகத் தாழ்ந்தால் நரம்பு மெட்டில் உரசி இரையும். 12-ஆம் மெட்டில் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி நிறுத்தலாம் என்று குறித்துக்கொள்கிறார்.

ஆசைப் பட்டியலிலும் தச்சர் கை வைக்கிறார். பிரேசில் ஈட்டிமரம் அழிவின் விளிம்பில் உள்ளதாகக் கருதப்பட்டு, 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் கடுமையாகக் காக்கப்படும் மரம். அதனைக் கொண்டு செய்த கருவியோடு எல்லை கடப்பதற்கும் உரிய ஆவணம் வேண்டும். அதற்கு மாற்றாகக் கருங்காலி போதும் என்கிறார். சிப்பியைப் பற்றியும் சொல்கிறார்: ஓரத்தில் சிறிது இழைத்தால் அழகு, மேற்பலகை மீது நிறையப் பதித்தால் எடை கூடும், அதிர்வு குறையும். செய்விப்பவர் கேட்டதையெல்லாம் செய்து கூடுதல் கூலி பெறுவது தச்சருக்கு எளிது. கேட்டதில் வேண்டாததை வேண்டாமென்று கூறுவதற்கே தொழிலின்மீது பற்று வேண்டும். மறுக்கத் தெரிந்த கைவினைஞரையே நம்பலாம்.

மரத்தைத் தேர்வது அடுத்த படி. யுகுலேலேக்குப் பெயர்பெற்ற மரம் ‘கோஆ’. அது ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாய் வளர்வது. கருவேல மரத்துக்கு உறவான இனம். ஹவாய் மக்கள் முன்னாளில் கடலோடும் தோணிகளை அதில் குடைந்தனர். அச்சொல்லுக்கு ‘வீரன்’ என்றும் பொருள் உண்டு. மேய்ச்சல் நிலத்துக்காகக் காடுகள் அழிக்கப்பட்டதால் பெரிய கோஆ மரங்கள் அரிதாயின. தச்சர் தம் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் உலர்ந்த பலகைகளை எடுத்து ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். ஒன்று மழுங்கி ஒலிக்கிறது. ஒன்று மணிபோல் நீண்டு ஒலிக்கிறது. நெளிவு மிகுந்த அழகிய பலகையைக் காட்டிலும் ஒலி மிகுந்த எளிய பலகையே மேற்புறத்துக்கு ஏற்றது என்கிறார். நெளிவுள்ளதைப் பின்புறத்துக்கும் பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. முதியவர் விரும்பிய அழகு முழுவதும் மறுக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது.

அச்சாரம் கொடுத்து முதியவர் வீடு திரும்புகிறார். அவருக்கு முன்னே சொல்லிவைத்தோர் பலர் இருப்பதால் ஓராண்டுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும்.

பட்டறையில் நிகழ்வன யாவும் மில்லிமீட்டரின் பின்னங்களில் நிகழ்கின்றன. ஒரே பலகையை இரண்டாக அறுத்துப் புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால், இரு பக்கத்து வரிகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். மேற்பலகை 2 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்துக்கு இழைக்கப்படும். அதன்மேல் நிற்கும் குதிரையை நான்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 15 கிலோகிராம் விசையில் இழுக்கும். அவ்விசையைத் தாங்கவும் வேண்டும். இலைபோல் அதிரவும் வேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டு தேவைகளுக்கும் நடுவேயுள்ள மெல்லிய இடத்தைத் தேடுவதே கருவித் தச்சரின் கலை. பலகையின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை வச்சிரத்தால் ஒட்டி, உளியால் சிறிது சிறிதாய்ச் சீவி, தட்டிக் கேட்டு, மீண்டும் சீவுவர். எந்தக் கனத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அளவுகோல் முழுதும் சொல்லாது. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு கனத்தில் வாய் திறக்கும். ஒரே பாடத்தை ஒரே வகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி முடித்துவிட இயலாது என்பதை அறிந்த ஆசிரியர்க்கு இது புதிய செய்தி அன்று.

மெட்டுகளை அமைப்பதிலோ கணக்கே ஆட்சி செய்யும். எஞ்சிய நரம்பு நீளத்தை 17.817-ஆல் வகுத்து வரும் அளவே அடுத்த மெட்டின் தொலைவு. 38 சென்டிமீட்டர் நரம்புக்கு முதல் மெட்டு 21.3 மில்லிமீட்டரில் அமையும். இவ்வாறே வகுத்துச் சென்றால் 12-ஆம் மெட்டு சரிபாதியாகிய 19 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். அங்கு ஒரு மில்லிமீட்டர் பிறழ்ந்தாலும் பழகிய செவி கண்டுகொள்ளும். செவியை நம்ப வேண்டிய இடத்தில் செவியையும், கணக்கை நம்ப வேண்டிய இடத்தில் கணக்கையும் நம்பத் தெரிந்தவரே நல்ல தச்சர்.

கைகளின் அறிவுக்கு மற்றுமொரு சான்று ஹொனலூலுவிலேயே உண்டு. மனுவேல் நூனஸிடம் தொழில் பயின்ற சாமுவேல் காமகா என்னும் ஹவாயர் 1916-இல் தம் இல்லத்திலேயே பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அன்னாசி வடிவ யுகுலேலே அவர் கண்டது. 1928-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் குடும்பத்தார் அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாய் இன்றும் நடத்தி வருகின்றனர். அப்பட்டறை காது கேளாதோர் பலரைப் பணியில் அமர்த்தியதற்காகவும் பெயர்பெற்றது. இசைக்கருவி செய்வதற்குக் காது கேளாதோரா என்று வியக்க வேண்டா. பலகையின் அதிர்வை அவர்கள் விரல் நுனியால் உணர்ந்து, கனம் சரியா என்பதைக் கூறவல்லவர்களாய் இருந்தனர். குறை என்று உலகம் ஒதுக்கிய இடத்தில் அந்தப் பட்டறை ஒரு திறனைக் கண்டது. கூர்ந்து நோக்கும் கண் இருந்தால் பள்ளியிலும் இத்தகைய காட்சிகள் உண்டு.

பதினொரு மாதம் சென்றபின் முதியவருக்குப் பட்டறையிலிருந்து செய்தி வருகிறது. பக்கப்பலகையை நனைத்துச் சூடான இரும்புக் குழாயின்மேல் வளைக்கும்பொழுது இடுப்பு வளைவில் அது விரிந்துவிட்டது. நெளிவுள்ள மரத்தில் நேரக்கூடியதே இது. வெடிப்பை ஒட்டி, மெருகிட்டு, வெளியே தெரியாமல் செய்துவிடலாம். ஆயினும் தச்சர் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. பொருத்தமான வேறு பலகை தேடி மீண்டும் வளைக்க மூன்று மாதம் கூடுதலாகும் என்கிறார். அறுபது வயதைக் கடந்தவருக்கு, அதிலும் நாளுக்கு நாள் விரல் இறுகுபவருக்கு, மூன்று மாதம் சிறிய காலம் அன்று. அச்சாரத்தைத் திரும்பப் பெற்று வேறு கருவி வாங்கிக்கொள்ளும்படி வீட்டார் சொல்கின்றனர்.

இவ்விடமே செய்வித்தலின் உரைகல். வெடிப்பைச் சொல்லாமல் மறைத்திருந்தால் முதியவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. தெரியாத இடத்திலும் நேர்மையாய் இருந்தவரிடம், தெரிந்த இடத்தில் பொறுமையாய் இருப்பதே முறை என்று அவர் தெளிகிறார். முன்பு அவர் தம் விரலின் குறையை மறைக்க முயன்றார். தச்சரோ தம் வேலையில் நேர்ந்த குறையைத் தாமே முன்வந்து சொன்னார். இருவருக்கும் இடையே இருந்த வாணிகம் அன்றுதான் நம்பிக்கையாக மாறியது எனலாம்.

கருவி கைக்கு வரும் நாளில் அதன் ஒலி சிறிது இறுகியே இருக்கிறது. வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்று தச்சர் விடை கொடுக்கிறார். ஈரப்பதம் மாறினால் மரம் உப்பும், சுருங்கும்; வறண்ட குளிரூட்டிய அறையில் திறந்து போட்டால் வெடிக்கும்; ஆகவே பெட்டியிலேயே வைக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். முதியவர் வாசிக்கிறார். வலி முற்றும் நீங்கிவிடவில்லை. எந்தத் தச்சராலும் மூட்டுநோயைத் தீர்க்க இயலாது. ஆனால் விட்டுவிட்டிருந்த சுரக்கட்டு ஒன்றை மூன்றாம் விரல் மெல்ல எட்டிப் பிடிக்கிறது. கொடுத்த விலை அதற்கே ஈடாகிவிட்டது.

இத்தகைய பட்டறைகள் எதனால் வாழ்கின்றன? தச்சரின் திறத்தால் மட்டும் அல்ல. சொல்லிச் செய்விப்போர் இருந்தால்தான் செய்வோர் இருப்பர். கரும்புத் தோட்டத்துக்கென வந்த மூன்று தச்சர்களின் கைத்திறன், ஹொனலூலு மக்கள் அவர்களைத் தேடி வந்திராவிட்டால், கரும்புச் சருகோடு சருகாய் மறைந்திருக்கும். நூனஸிடம் வேலை இருந்தமையால் காமகா அங்குப் பயில முடிந்தது. வேலை இல்லாத பட்டறையில் மாணாக்கன் இரான். மாணாக்கன் இல்லாத தொழில் ஒரு தலைமுறையோடு முடியும்.

பேழையோ நாற்காலியோ ஆடையோ அணிகலனோ, ஆண்டுக்கு ஒன்றேனும் அண்டையிலுள்ள கைவினைஞரிடம் சொல்லிச் செய்விப்பது எல்லாருக்கும் இயலாதது அன்று. ஒரே ஒரு முறை அவ்வாறு செய்வித்தவர்க்கே, வாய் திறந்து தன் தேவையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். பிள்ளைகளையும் ஒருமுறை பட்டறைக்கு அழைத்துச் சென்று, பலகையைத் தட்டிக் கேட்கச் செய்யலாம். ஒன்று மழுங்கி ஒலிப்பதையும் மற்றொன்று மணிபோல் ஒலிப்பதையும் கேட்ட பிள்ளை, மரம் எல்லாம் ஒன்றே என்று பின்னர்ச் சொல்லாது.